ஈப்போ நம்பர்

அமராவதிபுதூருக்கு அந்தக் கார் வந்து சேர்ந்த அன்றைக்கு, காரைப் பார்த்தவர்களைவிட அதை ஓட்டி வந்தவளைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பார்க்க மாட்டார்களா பின்னே? முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு, மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அத்தனை தூரமும் ஒரு பொம்பளை வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். புருசன்காரன் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி கணக்காக உட்கார்ந்திருக்கிறான். 1968ஆம் வருசத்தில் இது என்ன சின்ன அதிசயமா?

அவள் பேர் அம்மாக்கண்ணு. மலேயாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். புருசன் பூமிநாதன்தான் இந்த ஊர்க்காரன். மீசை முளைக்கிற வயசில் கப்பலேறிப் போய், ஈயச் சுரங்க ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிற குமாஸ்தாவாக வேலை பார்த்து, அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டவன். கார் அவனுடையதில்லை, அவளுடையது. சாம்பல் நிற மோரிஸ் மைனர். காலையில் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மத்தியானம் திருப்பிக் கூட்டிவந்து வீடு வீடாக இறக்குவதும் ஈப்போவில் அவளுக்குத் தொழில். பூமிநாதனுக்கு சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியும். அதுவும் சுமாராக.

"ஊரைப் பார்த்து எத்தனை காலமாச்சு, ஆறு மாசம் இருந்துட்டு வருவோம்" என்று அவன்தான் ஆரம்பித்தான். மகள் வீரலட்சுமி பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை எப்படி இழுத்துக்கொண்டு வருவது? அம்மாக்கண்ணுவின் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். கப்பலேறுகிற அன்றைக்கு மகளின் கன்னத்தைப் பிடித்து, "ஆறே மாசம்டி, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் அம்மாக்கண்ணு. பிள்ளை தலையை ஆட்டியதே தவிர, அழவில்லை. அழாத பிள்ளையை விட்டுவிட்டு வருவது எவ்வளவு கொடுமை என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

ஆறு மாசத்துக்கு ஒரு காரையா கப்பலில் ஏற்றுவார்கள் என்று அவள் கேட்காமல் இல்லை. "பஸ்ஸுல இடிபட்டுச் சாகச் சொல்றியா? ஊர்ல நாலு பேரு பாக்கணும்ல?" என்றான் பூமிநாதன். நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்கும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஒருவர் அவளை உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். இந்த வண்டிக்கு வரி கட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர் என்பதால் உங்கள் பேரில் சும்மா விடுகிறோம். அதனால் நீங்கள் மட்டும்தான் ஓட்டலாம். புருசனானாலும் சரி, கொழுந்தனானாலும் சரி, ஸ்டீரிங்கில் கை வைக்கக் கூடாது. விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. நம்பரை மாற்றக் கூடாது. கெடு முடிவதற்குள் வண்டியைத் திரும்பக் கப்பலேற்றிவிட வேண்டும்.

இந்தச் சட்டம் அம்மாக்கண்ணுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஈப்போவில் அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். மூணு மாசத்துக்கென்று ஊருக்குப் போவார்கள். அண்ணன் பிடித்து நிறுத்துவான், அக்கா அழுவாள், வயலில் ஒரு துண்டு கைக்கு வரும், அதோடு சரி, ஆளைக் காணவே முடியாது. நமக்கு அந்தப் பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். இவர் ஊர்ப்பாசத்தில் நாளைக் கடத்தினாலும் வண்டி கடத்த விடாது. சர்க்காரே தள்ளிவிடும். அதனால் தினமும் காலையில் கார் துடைக்கிறபோது முதல் துணி நம்பர் பலகைக்குத்தான் போகும். அப்புறம் மலேசியா வண்டி என்று காட்டுகிற அந்த முட்டை வடிவத் தகட்டுக்கு. மற்றதெல்லாம் பிறகு.

சாவியால் முதல் சண்டை வந்தது. பூமிநாதனின் அண்ணன் முத்துக்கருப்பன், மாடு பிணைக்கிற தாம்புக்கயிறு போல அந்தச் சாவியும் வீட்டுச் சாமான்தான் என்று நினைத்துக் கை நீட்டினார்.

"மச்சான், கோவிச்சுக்காதீக. சட்டப்படி நான் மட்டுந்தான் ஓட்டணும்" என்றாள்.

"ஏன் ஆத்தா, என் தம்பி வண்டிய நான் ஓட்டக் கூடாதா?"

"உங்க தம்பியே ஓட்டக் கூடாது."

அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. பூமிநாதன் சிரித்து மழுப்பினான். ஆனால் இதனால் வந்த வினையைப் பாருங்கள். வேறு யாரும் ஓட்டக் கூடாது என்றால், எல்லாரையும் அவள்தானே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்? திருப்பத்தூர்ச் சந்தைக்கா, அம்மாக்கண்ணு. காரைக்குடியில் பல் பிடுங்கவா, அம்மாக்கண்ணு. தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டு போகணுமா, கூப்பிடு அம்மாக்கண்ணுவை. சாக்கோட்டைப் பாதையில் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்து, நம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது எந்த ஜில்லா நம்பரும்மா?" என்று கேட்டார். "கடலுக்கு அங்குட்டு இருக்க ஜில்லா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். பின்சீட்டில் இருந்த சொந்தக்காரர்கள் வீடு வரைக்கும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கெல்லாம் முன்னால் நின்றவள் முத்துக்கருப்பன் பெண்சாதி பொன்னுத்தாயி. அம்மாக்கண்ணுக்கு அந்த ஊரில் பிடித்த ஒரே ஆள் அவள்தான். வண்டியில் எப்போதும் முன்சீட்டு அவளுக்கு. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு ஊர்க்கதை முழுக்க அளப்பாள். அம்மாக்கண்ணு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்பாள். "நீ போறப்ப எம் மக வீரலட்சுமிக்குக் குடுத்துவிடணும்" என்று சொல்லி மோர்மிளகாய் வத்தலும் சுண்டைக்காய் வத்தலும் காயவைத்துப் பானையில் கட்டி வைத்தாள். இப்படி ஒரு அக்காள் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அம்மாக்கண்ணு உருகிப்போனாள். உருகத்தான் செய்வாள், பாவம்.

பழைய வீட்டுக்குப் பக்கத்து மனையில் முத்துக்கருப்பன் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். செங்கல் சூளைக்கு, சுண்ணாம்புக் காளவாசலுக்கு, தேக்கு வாங்க மரக்கடைக்கு என்று அண்ணனும் தம்பியும் போக வேண்டிய இடமெல்லாம் அம்மாக்கண்ணு ஓட்டிக்கொண்டு போனாள். அவர்கள் உள்ளே போய்ப் பேசுவார்கள். இவள் வண்டியிலேயே இருப்பாள். வாசல் நிலை வைத்த அன்றைக்குப் பொன்னுத்தாயி மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே பூசு. நீயே பொட்டு வையி."

"நான் எதுக்குக்கா? வீட்டுக்காரி கையாலதானே பூசணும்?"

"கடல் தாண்டி வந்தவ. உன் கை ராசியான கை. வையி" என்றாள் பொன்னுத்தாயி.

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு, நிலை முழுக்க மஞ்சளை அழுந்தப் பூசி, குங்குமம் வைத்து, நவதானியத்தையும் அவளே போட்டாள். சுற்றி நின்ற பெண்கள் குலவை இட்டார்கள். விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதை செய்கிற ஊர் உலகத்தில் உண்டா என்று அன்றைக்குத் தங்கச்சிக்குக் கடிதமே எழுதினாள்.

ஆறு மாசம் முடியப்போகிற சமயத்தில் பூமிநாதன் வேறு பாட்டுப் பாடினான். அண்ணன் வீட்டுக்குப் பால் காய்ச்சாமல் போனால் பங்காளிகள் ஒரு மாதிரி பேசுவார்களாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டுமாம். அம்மாக்கண்ணு குதித்தாள்.

"பிள்ளையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், உங்களுக்கு வீட்டுப் பால்தான் பெருசாப் போச்சா? வண்டிக்குக் கெடு முடியுதுங்க. சட்டம் தெரியாதா?"

"அதுக்கும் கேட்டாச்சு. எழுதிக் குடுத்தா ஆறு மாசம் தள்ளிக் குடுப்பாகளாம்."

மறுநாள் காரைக்குடியில் ஒரு தரகர் ஆபீசுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னான். உள்ளே போய்விட்டு இங்கிலீசில் அடித்த தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்தான். பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். ஸ்டீரிங்கின் மேலேயே தாள்களை வைத்து, அவன் விரல் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். கெடு நீட்டுவதற்கு வேண்டுமென்று பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான். அவளுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும், கான்வென்ட்டில் படித்தவள். ஆனால் கட்டின புருசன் நீட்டுகிற தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டா கையெழுத்துப் போடுவார்கள்? நீங்கள் செய்வீர்களா?

மே மாசம் மலேசியாவில் கலவரம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அம்மாக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. உடனே போயாக வேண்டும், வண்டியை மெட்ராசுக்கு ஓட்டிப்போய்க் கப்பலேற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஈப்போல ஒண்ணுமில்ல, நான் விசாரிச்சுட்டேன். அடங்கட்டும்" என்று பூமிநாதன் சாவகாசமாக வெற்றிலை போட்டான். பெற்ற பிள்ளையை நினைத்துத் துடிக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனுசனால் எப்படி வெற்றிலை போட முடிகிறது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று காரைக்குடியில் மீரான் சாகிபு பட்டறையில் வண்டியை விட்டிருந்தாள். நல்ல மனுசர். அவள் எப்போது போனாலும் வாங்க தங்கச்சி என்று நாற்காலி எடுத்துப் போடுவார். வண்டியை எடுத்து வரப் பஸ்ஸில் போய் இறங்கினாள். பட்டறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போர்டு எழுதுகிற பெத்தன் அவள் காருக்கு முன்னால் குந்தியிருந்தான். கறுப்புப் பலகையில் வெள்ளையாக உள்ளூர் நம்பர் எழுதி முடித்திருந்தான். கழற்றிய ஈப்போ நம்பர் பழைய டயர்கள் பக்கத்தில் கிடந்தது. முட்டைத் தகட்டைச் சுரண்டி எடுத்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தது.

"டேய்! யாருடா உன்னைய இதுல கைவைக்கச் சொன்னது? ஜெயிலுக்குப் போவேடா நீயி!" அவள் போட்ட சத்தத்தில் பெத்தன் கையிலிருந்த தூரிகையைக் கீழே போட்டுவிட்டான்.

உள்ளேயிருந்து மீரான் சாகிபு ஓடி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு.

"பதறாதீக தங்கச்சி. உங்க வீட்டுக்காரர்தான் நம்பரக் குடுத்துட்டுப் போனாரு. இங்கேயே தங்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீகளாமே! ரொம்பச் சந்தோசம். வரியெல்லாம் கட்டியாச்சாம். இனிமே கெடுவும் கிடையாது, கிடுவும் கிடையாது. யாரு வேணும்னாலும் ஓட்டலாம்."

அவர் மனசறிய ஒரு தப்பும் செய்யவில்லை. நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். அம்மாக்கண்ணு நாற்காலியில் உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. சாவியை வாங்கி வண்டியை எடுத்தாள். பிரேக் நன்றாகப் பிடித்தது.

பூமிநாதன் புதுவீட்டில் சுவர்ப் பூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னுத்தாயி கொத்தனாருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"வண்டி நம்பர் ஏங்க மாறியிருக்கு?"

அவன் முதலில் கொத்தனாரை வெளியே அனுப்பினான். பிறகு, "கத்தாதே. சொல்றேன். இனிமே நமக்கு அங்க போக்கிடம் இல்ல" என்றான்.

"எனக்கு இருக்கு. நான் பொறந்த ஊரு அது."

"உனக்கு இருக்கு! நீ நீலக் கார்டு, அந்த நாட்டுப் பிரஜை. நான் சிகப்புக் கார்டுக்காரன்தானே? குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கிடையாதுன்னுட்டான். வர்றதுக்கு முன்னாலயே ஆபீஸ்ல கணக்கு முடிச்சு அனுப்பிட்டான். பொண்டாட்டி கார் ஓட்டிச் சம்பாதிச்சுக் கொண்டுவர, நான் வீட்டுல உக்காந்து திங்கணுமாக்கும்?"

"இதை ஈப்போலயே சொன்னா என்ன?"

"சொன்னா நீ கப்பலேறியிருப்பியா?"

அதற்கு மேல் அவனாகவே கொட்டினான். நாடு திரும்பி வருகிற அவன் பேரில் வந்திருந்தால் துறைமுகத்திலேயே எல்லா வரியும் கேட்டிருப்பார்களாம். வந்து போகிறவள் என்று அவள் பேரில் நுழைந்ததால்தான் வண்டி லேசாக உள்ளே வந்ததாம். நிரந்தரமாகத் தங்குகிறேன் என்று அவளே எழுதிக் கொடுத்ததால், வரியைக் கட்டி உள்ளூர் நம்பரும் வாங்க முடிந்ததாம். அவளை வைத்தே வண்டியை உள்ளே கொண்டுவந்து, வண்டியை வைத்தே அவளையும் கட்டிப்போட்டிருக்கிறான். படுபாவி, எவ்வளவு நிதானமாகச் செய்திருக்கிறான்!

"இந்த வீடு?" என்று கேட்டாள்.

"நம்ம வீடுதான். நீதானே நிலைக்கு மஞ்சள் பூசுன?"

அம்மாக்கண்ணு பொன்னுத்தாயியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கும் தெரியுமாக்கா?"

"வீட்டு ஆம்பளைக சொல்லாதேன்னாக. நான் என்ன பண்ணட்டும்?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் எம் மகளுக்கு வத்தல் போட்டீகளா?"

பொன்னுத்தாயிக்குக் கண் கலங்கியது. கலங்கி என்ன பிரயோசனம்? புருசன் ஏமாற்றியதைக்கூட அம்மாக்கண்ணுவால் ஒரு மாதிரி விழுங்க முடிந்தது. தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து, மகள் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டினவளை என்ன செய்வது?

"பாஸ்போர்ட்டைக் குடுங்க. நாளைக்கே எம் பிள்ளைகிட்டப் போறேன்" என்றாள் புருசனிடம்.

"எதுக்குப் போற? பிள்ளைதான் இங்க வருதே" என்றான் பூமிநாதன். "கப்பல் ஏறிட்டா. வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்துல இறங்குறா. நீதான் வண்டி ஓட்டணும்."

ஓட்டினாள். வேறு என்ன செய்வாள்? பிள்ளை வருகிறதே. நாகப்பட்டினம் போகிற வரைக்கும் புருசனோடு ஒரு பேச்சில்லை. அவன் மட்டும், இங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான். அவள் மனசில் ஒரே கணக்குத்தான் ஓடியது. மகள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். தங்கச்சி வீட்டுக்கு எதிரே நம் வீடு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. பிள்ளையும் நானும் சேர்ந்து நின்றால் இந்த மனுசன் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எங்கே போவான்? பிள்ளை நம் பக்கம் இருக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இப்படி நினைத்து நினைத்தே தைரியம் ஏற்றிக்கொண்டாள்.

கப்பல் கரைக்கு வராமல் தூரத்திலேயே நின்றது. ஆட்களைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுங்கக் கொட்டகைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றாள். முதலில் வெளியே வந்தது மகள் இல்லை. ஒரு கூலிக்காரர் தலையில் அம்மாக்கண்ணுவின் தையல் மிஷின் வந்தது. அடுத்தவர் தலையில் அவளுடைய பித்தளை அண்டா. அதற்கும் பின்னால், அவளையும் பூமிநாதனையும் மாலையும் கழுத்துமாக எடுத்த கல்யாணப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீரலட்சுமி வந்தாள்.

அம்மாக்கண்ணு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளை கட்டை மாதிரி நின்றது.

"ஏண்டி, மிஷினையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"நீதானம்மா எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்ன?"

"நானா?"

"வீட்டைக் காலி பண்ணிக் குடுத்தாச்சு. சித்திதான் நின்னு சாமான் கட்டுனாங்க. ஸ்கூல்லேர்ந்தும் நிறுத்திட்டாங்க. பரீட்சைக்குப் பணங்கூடக் கட்டியிருந்தேம்மா." அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் உடைந்தது. "உனக்கு ஊரு பிடிச்சுப்போச்சுன்னா இருந்துக்க. இனிமே வரமாட்டேன்னு எழுதிக் குடுக்குறதுக்கு முன்னால, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா? ஆறே மாசம்னு சொல்லிட்டுத்தானே போன?"

அம்மாக்கண்ணு திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் மிஷினைக் காருக்குள் எப்படி ஏற்றுவது என்று கூலிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க அவகிட்ட" என்றாள்.

"வெயில்ல நிக்கவச்சு என்ன பேச்சு? வீட்டுல போய்ப் பேசிக்கலாம். வண்டிய எடு."

"எடுக்க மாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் இந்த வண்டி இங்குட்டிருந்து நகராது. யாரு எழுதுனதுன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். எனக்கென்ன வெக்கம்?"

கூலிக்காரர்கள் சுமையோடு நின்றார்கள். கப்பலில் வந்த இன்னொரு குடும்பம் நடப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. பூமிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தான். மகளைப் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான்தாம்மா எழுதுனேன். உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வண்டிக் கெடுவுக்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குனேன். உன் ஸ்கூலுக்கு அனுப்புனதும் அதுல ஒண்ணு."

அப்பாடா என்று இருந்தது அம்மாக்கண்ணுக்கு. சொல்லிவிட்டான். இனிமேல் பிள்ளை நம்முடையது. "கேட்டியாடி? கேட்டியா?" என்று மகள் கையைப் பிடித்தாள்.

வீரலட்சுமி அப்பாவைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கல்யாணப் படத்தை மிஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவின் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அப்பா எழுதுன கடுதாசிய நான் நம்பவே இல்லம்மா" என்றாள். "ஸ்கூலுக்கு வந்த தாள்ல கீழ உன் கையெழுத்து இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் சாமானைக் கட்டுனேன்."